நாலு மணி மெயில்

நீங்க சன்னலோரம் நகந்துக்குங்க. நான் நடுவுல எறங்கறவன். லட்சுமி நகருங்க, பவானி பைபாஸ். நீங்க சேலம் வரைக்குமா? அப்ப நல்லதாப் போச்சு, நான் எறங்கறப்ப உங்களை எந்திரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கண்டக்டர் சிரிச்சதைப் பாத்தீங்களா? லட்சுமி நகர் ஒண்ணுன்னேன். அதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? டிக்கெட்டைக் கையில திணிச்சுட்டுச் சிரிச்சுட்டே போறாரு. எனக்கு இந்த எகத்தாளம் பிடிக்காதுங்க. சரி உடுங்க, அவரோட நமக்கென்ன பேச்சு.

வாத்தியாருங்களா நீங்க? நெனச்சேன், சட்டைக் கையில சாக்பீஸ் தூள் இருக்குது. கணக்கா? கணக்கு வாத்தியாருன்னா சொன்னாப் புரியும். போன வாரம் பக்கத்துல உக்காந்தவரு ஜவுளி ஏவாரி, பெருந்துறை வர்றதுக்குள்ள தூங்கிட்டாரு.

எனக்குக் கம்ப்யூட்டர் வேலைங்க. கோயமுத்தூர்ல, சித்தாபுதூர்ல ஆபீசு. ரத்தம் டெஸ்ட் பண்ற லேபுக இருக்குதில்ல, திருப்பூரு, பொள்ளாச்சி, ஈரோடு, இந்தச் சுத்துல நாப்பது லேபுக்கு எங்க சாப்ட்வேருதான். சுகர் எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு உங்க செல்லுக்கு வருமில்ல, அது எங்க மெஷின்ல இருந்துதான் வரும். யுவராஜுன்னு பேரு. மேனேஜருங்க.

மெஷினுன்னா ஆபீசுல வெச்சிருக்கறதில்லை. க்ளவுடு. வாடகைக்கு. பெரிய கம்பெனி ஒண்ணு எங்கியோ கட்டடம் கட்டி வெச்சிருக்குது, அதுல நமக்கு ஒரு மூலை. பத்து வருசமா அதை வெச்சுத்தான் சோறு திங்கறேன், ஒருநாளும் அதைக் கண்ணால பாத்ததில்லை. நமக்குத் தெரியறது திரைதான். உருவாக்குன்னு ஒரு பட்டன், அழின்னு ஒரு பட்டன். ரெண்டு நிமிசத்துல ஒரு மெஷினு பொறக்கும். அழிக்கறதுக்கு அரை நிமிசம் போதும்.

ஆனாப் பொறக்கறதுக்கு ஒண்ணு வேணுமுங்க. பூட் டிஸ்க்குன்னு சொல்லுவோம். மெஷினுக்குத் தன்னால ஒண்ணும் தெரியாது. உசுரு வந்ததும் நான் யாரு, எதுக்கு இருக்கறேன்னு முழிக்கும். அதுக்கு அதைச் சொல்லிக் குடுக்கறது அந்த டிஸ்க்குதான். அதைப் படிச்சுத்தான் எந்திரிச்சு நிக்கும். டிஸ்க்கு இல்லைன்னா கருப்புத் திரைதான், மூலையில ஒரு சின்னக் கோடு மின்னிட்டே நிக்கும்.

எங்க ஆபீசுல அந்த டிஸ்க்கைச் செஞ்சவரு மாசிலாமணி. பவானிக்காரரு. என்னையவிட பத்து வயசு மூத்தவரு, வேலையில எனக்குக் கீழ. ஆளுக முன்னால சார்னு கூப்பிடுவாரு, தனியா இருந்தா யுவராஜ் தம்பிம்பாரு. அவரு ஒரே ஒரு டிஸ்க்கை ஒரு மாசம் உக்காந்து பக்குவம் பண்ணுனாரு. அதுக்குத் தாய் டிஸ்க்குன்னு பேரு வெச்சாரு. புது லேபு வந்தா, அதுக்குப் புது மெஷினு. அந்த மெஷினுக்கு டிஸ்க்கு, தாயில இருந்து எடுத்த நகல். எல்லாம் ஒரே மாவுல ஊத்துன இட்லிங்க. அதனாலதான் நாப்பது லேபையும் நாங்க ரெண்டு பேரு பாத்துக்க முடிஞ்சுது.

ஆயுத பூஜைக்கு ஒருவாட்டி முதலாளி கேட்டாரு, மேசைக்குப் பொட்டு வெச்சாச்சு, ஏசிக்குப் பொட்டு வெச்சாச்சு, சோறு போடற மெஷினுக்கு எங்கய்யா வெக்கறதுன்னு. எல்லாரும் சிரிச்சோம். மாசிலாமணி சிரிக்கலை. உக்காந்து தாய் டிஸ்க்கைத் தொறந்து, உள்ள நொழைஞ்சதும் வர்ற வரவேற்புல மொதல் வரியா ஒரு பிள்ளையார் சுழி போட்டாரு. உ. அதுக்குக் கீழ, வாங்க, சாப்டாச்சா. அதுக்குக் கீழ, டிக் எடுத்தாச்சா. அதுல இருந்து எங்க மெஷினு எதைத் தொறந்தாலும் இந்த மூணு வரி வரும். அன்னிக்கே நல்ல நேரம் பாத்து ஒரு புது மெஷினை எந்திரிக்க வெச்சாரு. அப்புறம் வருசா வருசம் ஆயுத பூஜைக்கு அது வழக்கமாயிருச்சு.

டிக்குன்னா என்னன்னு கேக்கறீங்களா? அதுலதாங்க எல்லாமே இருக்குது. மெஷினை உருவாக்கறப்ப ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மெஷினை அழிச்சா டிஸ்க்கையும் சேத்து அழிச்சிருன்னு. அதுல டிக் அதுவாவே போட்டிருக்கும். நாமதான் எடுக்கோணும். எடுக்காம உட்டா, மெஷினை அழிக்கறப்ப டிஸ்க்கும் கூடவே போயிரும். திரும்ப வராது. எங்க ரிப்போர்ட்டெல்லாம் அதே டிஸ்க்குலதான் கெடக்கும். ரிப்போர்ட்டைத் தனி டிஸ்க்குல வெக்கலாம் தம்பின்னு மாசிலாமணி நாலஞ்சுவாட்டி சொன்னாரு. பாக்கலாம்னேன். பாக்கறதுக்குள்ள வேற வேலை வந்துருச்சு.

அந்தாளு பயந்தாங்கொள்ளிங்க. டிக்கை எடுத்தும் அவருக்கு மனசு அடங்காது. தெனம் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லா டிஸ்க்குக்கும் ஒரு நகல் எடுக்கற மாதிரி ஏற்பாடு பண்ணியிருந்தாரு. எடுத்து முடிச்சதும் ஒவ்வொரு மெஷினும் அவருக்கு ஒரு மெயில் போடும். எல்லாம் நல்லா இருக்குது, நகல் எடுத்தாச்சு, டிக் எடுத்தாச்சுன்னு. எடுக்கலைன்னா, டிக் இருக்குது பாருங்கன்னு. ஆபீசு மெயில் அப்ப சரியா இல்லைன்னு அவரு சொந்த மெயிலுக்கே வர்ற மாதிரி வெச்சிருந்தாரு. நாலு மணிக்கு அவரு செல்லு அடிச்சுட்டே இருக்கும். அதைப் பாத்துட்டுத்தான் டீ குடிக்க எந்திரிப்பாரு. அவரு சொல்ற ஒரே சட்டம், எதைத் தொடறதா இருந்தாலும் நாலு மணி நகல் முடிஞ்சு தொடுங்க.

அவிநாசி வந்துருச்சு. தண்ணி வேணுமா? என்கிட்ட இருக்குது, வாங்க வேண்டாம்.

தை மாசமுங்க. பொங்கல் முடிஞ்சு பத்து நாளு. பெரிய மெஷினு ஒண்ணு, அதுல மட்டும் பன்னெண்டு லேபை ஒண்ணாச் சேத்து வெச்சிருந்தோம், மூச்சு வாங்குது. அதை அழிச்சுட்டு, அதே டிஸ்க்கை எடுத்து வேற பெரிய மெஷின்ல மாட்டோணும். அஞ்சு நிமிச வேலை. எம்பொண்ணுக்கு அன்னிக்கு அஞ்சு மணிக்குக் கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருந்தேன், அவளுக்குக் கரும்பலகை தெரிய மாட்டீங்குதுன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. மணி மூணு நாப்பது. மாசிலாமணி பேங்குக்குப் போயிருந்தாரு.

அழிக்கற அதிகாரம் அவரு கணக்குக்கு மட்டும்தான். ஆனா பாஸ்வேர்டு பிள்ளையார் காலண்டருக்குப் பின்னால ஒட்டியிருக்கும். எல்லாரும் அதுலதான் நொழைவோம். அது தப்புன்னா எல்லாருக்கும் தப்புங்க, எனக்கு மட்டுமில்லை. நான் காலண்டரைத் திருப்பிப் பாத்து, நொழைஞ்சு, அழியை அழுத்தினேன். கட்டத்தைப் பாத்தேன்னுதான் நெனப்பு. பாத்தேங்க. டிக் எடுத்திருக்கும்னு நெனச்சேன். அந்த மெஷினை மட்டும் அவரு லீவுல இருந்தப்ப நானே உருவாக்கியிருந்தேன், அது நெனப்புல வரலை. முந்தின நாள் மெயில்லகூட டிக் இருக்குது பாருங்கன்னு வந்திருக்குது. சாயங்காலம் எங்கிட்ட சொன்னாராம். சொல்லியிருப்பாரு. நான் போன்ல இருந்தேன்.

மெஷினு போச்சு. டிஸ்க்கும் போச்சு. இருவது நிமிசமுங்க. இருவது நிமிசம் பொறுத்திருந்தா நாலு மணி நகல் முடிஞ்சிருக்கும்.

மாசிலாமணி வந்தாரு. திரையைப் பாத்தாரு. என்னைய ஒண்ணும் கேக்கலை. முந்தின நாள் நகலை எடுத்து, அதுல இருந்து புது பூட் டிஸ்க்கு செஞ்சு, மெஷின்ல மாட்டி எந்திரிக்க வெச்சாரு. நாப்பது நிமிசம். முந்தின நாள் நாலு மணி வரைக்கும் எல்லாம் வந்துருச்சு. அதுக்கப்புறம் எடுத்தது மட்டும் இல்லை. பன்னெண்டு லேபுல அறுநூத்திச் சொச்சம் பேரோட ரிப்போர்ட்டு. மக்காநாளு அத்தனை பேரும் மறுபடி வந்து கையை நீட்டுனாங்க. ஒரு லேபுல கைக்கொழந்தைக்கு நரம்பு கெடைக்காம மூணு எடத்துல குத்துனாங்கன்னு அவங்கப்பன் எங்க ஆபீசுக்கே வந்துட்டான்.

முதலாளி பதிவை அச்செடுத்து மேசையில போட்டாரு. எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு எதை அழிச்சுதுன்னு அதுல இருக்கும். மாசிலாமணி, மூணு நாப்பத்தொண்ணு. முதலாளி கேட்டாரு, உம்பேர்ல இருக்குதேய்யான்னு. மாசிலாமணி காகிதத்தை எடுத்துப் படிச்சாரு. காலண்டரைப் பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு. ஒரு தரந்தான். எம்பேர்லதாங்க இருக்குதுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

நானும் அங்கதான் நின்னேன். நான் பொய் சொல்லலீங்க. அதை நீங்க தெளிவாப் புரிஞ்சுக்கோணும். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லலை. என்னைய யாரும் கேக்கலை. யுவராஜு, நீ தொட்டியான்னு முதலாளி ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலை. கேக்காத கேள்விக்கு எப்படிங்க பதில் சொல்றது? நீங்க வாத்தியாரு, நீங்களே சொல்லுங்க.

அந்த வெள்ளிக்கிழமையோட அவரை நிறுத்திட்டாங்க. டிபன் பாக்ஸையும் ஸ்வெட்டரையும் மஞ்சப்பையில போட்டுட்டு, தாய் டிஸ்க்கைப் பாத்துக்குங்க தம்பின்னு சொல்லிட்டுப் போனாரு.

மாசி, பங்குனி பூரா ஒண்ணுமில்லை. சித்திரையில புதுசா ரெண்டு லேபு வந்துச்சு. தாயில இருந்து ரெண்டு மெஷினை எந்திரிக்க வெச்சேன். உ. வாங்க, சாப்டாச்சா. டிக் எடுத்தாச்சா. பாத்துப் பழகுனதுதானே, அதைக் கவனிக்காமயே வேலையைப் பாத்தேன். மக்காநாளு எனக்கு ஒரு மெயில். மாசிலாமணிகிட்ட இருந்து. யுவராஜ் தம்பி, நேத்து ரெண்டு மெஷினு புதுசா எந்திரிச்சிருக்குது. சந்தோசம். ரெண்டாவதுல டிக் அப்படியே இருக்குது, எடுத்துருங்க. சாப்டாச்சா.

வேலையை உட்டுப் போன ஆளு பவானியில உக்காந்துட்டு எங்கூட்டு மெஷினை எண்ணிட்டிருக்கறாரு. வேவு பாக்கறான்யா மனுசன்னுதான் மொதல்ல தோணுச்சு. போய்ப் பாத்தா டிக் இருக்குது. எடுத்தேன். அப்புறம்தான் வெளங்குச்சு. தாயில அவரு வெச்ச நாலு மணி ஏற்பாடு அப்படியே இருக்குது. எந்த மெஷினு பொறந்தாலும் நாலு மணிக்கு மொதல் வேலையா அவருக்குத்தான் தகவல் சொல்லும்.

அந்த ரெண்டு மெஷின்ல மெயிலை நிறுத்தினேன். பழசுலெல்லாம் ஒவ்வொண்ணா நிறுத்தினேன். அடுத்த மாசம் புதுசு ஒண்ணு எந்திரிச்சுது, மறுபடி மெயிலு. மாவு புளிச்சிருந்தா இட்லியைக் கிள்ளிக் கிள்ளிப் பாத்து என்னங்க ஆகறது? தாயைத்தான் மாத்தோணும். ஆனாத் தாயைத் தொறந்து கை வெக்க எனக்குப் பயம். என்னென்ன வெச்சிருக்கறாருன்னு யாருக்குத் தெரியும். அவரைக் கேக்கலாம். கேக்கலாம்தான்.

ஆடியில ஒரு முடிவு பண்ணுனேன். வெறும் டிஸ்க்கு எடுத்து நானே புதுசாத் தாய் செய்யறதுன்னு. மூணு நாளுங்க. எல்லாம் சரியா வெக்கறேன், மெஷின்ல மாட்டறேன், எந்திரிக்க மாட்டீங்குது. கருப்புத் திரை. அந்தக் கோடு மின்னுது. எங்கியோ ஒண்ணை உட்டுட்டேன், என்னன்னு தெரியலை. அந்தக் கோட்டையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். யாரோ கண்ணைச் சிமிட்டாம என்னையப் பாக்கற மாதிரி இருக்கும். மூணாம் நாளு வேற வழியில்லாம அவரு தாயில இருந்து ஆரம்பிக்கற பகுதியை மட்டும் நகல் எடுத்து இதுல வெச்சேன். உடனே எந்திரிச்சுது. உ-ன்னு வந்துச்சு.

அந்த மூணு வரியையும் நானே அழிச்சேன். மெயிலையும் எடுத்தேன். மெஷினை எல்லாம் புதுத் தாய்க்கு மாத்திட்டேன். அதுல இருந்து அவருக்கு ஒண்ணும் போகலை. ஒரு வாரம் கழிச்சு அவருகிட்ட இருந்து கடைசியா ஒரு மெயிலு. தம்பி, நாலு மணி மெயில் நின்னுபோச்சுங்களே, மெஷினுக நல்லா இருக்குதுங்களா? பாத்தேன். பதில் போடலை. என்னன்னு போடறது? நீங்களே சொல்லுங்க, வேலையில இல்லாத ஆளுக்கு ஆபீசு தகவலைச் சொல்றது சட்டப்படி தப்பு.

ஆவணியில செத்துட்டாரு. மாரடைப்பு. ஆபீசுல இருந்து மாலை அனுப்புனோம். எனக்கு அன்னிக்கு ஆடிட்டிங்கு, போக முடியலை. முடிஞ்சிருந்தா போயிருப்பேன்.

இது பெருந்துறைங்களா? சீக்கிரம் வந்துட்டான். இவன் எப்பவும் இங்க பத்து நிமிசம் நிறுத்துவான்.

ஆயுத பூஜை வந்துச்சு. பொட்டு வெச்சு, பொரி கடலை வெச்சு, சூடம் காட்டியாச்சு. முதலாளி, யுவராஜு, வழக்கம்போல ஒரு மெஷினை எந்திரிக்க வெய்யின்னாரு. எல்லாரும் பின்னால நிக்கறாங்க. பட்டியல்ல ரெண்டு தாய் இருக்குது, பழசும் புதுசும். பழசை அழிக்கலாம்னு பலவாட்டி போவேன், அழின்னு வர்றப்ப கை பின்னால வந்துரும். அதனால அது அங்கியே கெடந்துச்சு. நான் புதுசைத்தாங்க தேர்ந்தெடுத்தேன். எம்பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன், புதுசு மேலதான் கை வெச்சேன். மெஷினு எந்திரிச்சுது. தொறந்தேன்.

உ. வாங்க, சாப்டாச்சா. டிக் எடுத்தாச்சா.

பின்னால நின்ன அக்கவுண்ட்ஸ் பாக்கற அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நான் பதிவைத் தொறந்து பாத்தேன். பழைய தாயை எடுத்ததாத்தான் இருந்துச்சு. எம்பேர்லதான் இருந்துச்சு. இப்ப ஆளுக்கொரு கணக்குங்க, காலண்டரெல்லாம் எடுத்தாச்சு.

அழிச்சிருக்கலாம். அரை நிமிசம். கை வரலீங்க. பொட்டு வெச்ச கையோட எப்படி அழிக்கறது? சாயங்காலம் பாத்துக்கலாம்னு உட்டுட்டேன். நாலு மணி அடிச்சதும் அது மெயில் போட்டிருச்சு. செத்துப்போன மனுசனுக்கு, எல்லாம் நல்லா இருக்குதுன்னு.

மக்காநாளு விஜயதசமி. ஒரு போன் வந்துச்சு. நான் மாசிலாமணி வீட்டுல பேசறேங்க தம்பின்னு ஒரு பொம்பளைக் கொரலு. கனகமணின்னு பேரு. நான் அவங்களைப் பாத்ததில்லை. அழுவாங்கன்னு நெனச்சேன், அழுகலை. நிதானமாப் பேசுனாங்க. நேத்து நாலு மணிக்கு அவரு செல்லு அடிச்சுதுங்க. அவரு போனதுல இருந்து அதைச் சார்ஜ் போட்டு வெச்சிருக்கறேன், யாராச்சும் கூப்பிடுவாங்கன்னு. எடுத்துப் பாத்தா எல்லாம் நல்லா இருக்குதுன்னு வந்திருக்குதுங்க. இது வருதான்னுதான் அவரு நாலு மணிக்கு வாசல் நடையில வந்து உக்காந்துக்குவாரு. வந்தா டீ வெக்கச் சொல்லுவாரு. இது வர்ற வரைக்கும் ஆபீசுல என்னைய முழுசா உட்டுடலை, ஒருநாள் கூப்பிடுவாங்கன்னு சொல்லுவாரு. ஆடியில நின்னுபோச்சுங்க. அதுக்கப்புறம் நாலு மணிக்கு டீ வேண்டாம்னுட்டாரு.

அவங்களே மேல சொன்னாங்க. தம்பி, அன்னிக்கு அழிச்சது நானில்லைன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாருங்க. யாருன்னு கேட்டேன், சொல்லலை. எம்பையனும் கம்ப்யூட்டர்தான் படிச்சு மெட்ராஸ்ல இருக்கறான். அறுநூறு பேரு ரத்தத்தை அப்பாதான் அழிச்சுட்டாருன்னு நம்பிட்டிருக்கறான். ஆபீசுல யாரோ கேட்டாங்களாம், அந்த மாசிலாமணி பையனான்னு. அதுல இருந்து அப்பா படத்தைக்கூட ஏறெடுத்துப் பாக்க மாட்டீங்கறான். உங்க பேரை அவரு நெறையச் சொல்லியிருக்கறாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். யாரு தம்பி அது? தெரிஞ்சா ஒருவாட்டி வந்து எம்பையன்கிட்ட சொல்லிட்டுப் போங்க. வேற ஒண்ணும் வேண்டாம்னாங்க.

பாத்தீங்களா வாத்தியாரே. கேட்டுட்டாங்க. பத்து மாசத்துல என்னையக் கேட்ட ஒரே ஆளு அந்தம்மாதான்.

வர்றேங்க அக்கான்னு சொன்னேன். போன்ல சொல்ற விசயமில்லை, நேர்ல வர்றேன்னு. சனிக்கிழமை பையன் ஊருக்கு வந்துருவான், அன்னிக்கு வாங்கன்னாங்க. அதான் போயிட்டிருக்கறேன். என்ன சொல்லோணும்னு எல்லாம் மனப்பாடமா வெச்சிருக்கறேன். அக்கா, அது நான்தான். டிக்கை எடுக்காம அழிச்சது நான். அவ்வளவுதானே? உங்ககிட்டச் சொன்னேனில்ல, எவ்வளவு சுலபமாச் சொன்னேன். ஜவுளிக்காரருகிட்டயும் சொன்னேன். அதுக்கு முந்தி ஒரு நர்ஸம்மா, அவங்ககிட்டயும் சொன்னேன், அவங்க எறங்கறப்ப எம்முதுகைத் தட்டிட்டுப் போனாங்க. சொல்றது எனக்குக் கஷ்டமே இல்லைங்க.

அந்த மெயிலை நான் நிறுத்தலை. நல்ல ஏற்பாடு, எதுக்கு நிறுத்தறது? எனக்கும் ஒண்ணு வர்ற மாதிரி பண்ணிக்கிட்டேன். இருங்க, அடிக்குது பாருங்க. மணி நாலா? நாலுதான். இந்தாங்க, நீங்களே படிங்க. எல்லாம் நல்லா இருக்குது. நகல் எடுத்தாச்சு. டிக் எடுத்தாச்சு. இப்ப அந்த வீட்டுலயும் அந்தச் செல்லு அடிச்சிருக்கும். அந்தம்மா நடையில உக்காந்திருப்பாங்க. நாலே காலுக்கு வந்துருவேன்னு காலையில சொல்லியிருந்தேன். பையன் காலையிலயே வந்துட்டானாம்.

லட்சுமி நகரா? ஆமா, லட்சுமி நகருதான். அந்தப் பேக்கரிதான் அடையாளம், அதுக்கு எதுத்த சந்துல மூணாவது வீடு. பச்சைக் கேட்டு. எறங்கறவங்க எறங்கட்டும். கூட்டம் கொறையட்டும். முன்னால ஒரு பெரியவரு மூட்டையோட எறங்கறாரு, அவரு எறங்கி முடிக்கட்டும். அவசரம் என்ன இருக்குது.

விசிலு ஊதிட்டாரு. என்னங்க இது, எறங்கறாங்களான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரா? நான் லட்சுமி நகர்னுதானே வாங்குனேன்? நீங்களும் கேட்டீங்கல்ல? இருங்க, டிக்கெட்டு பாக்கெட்டுலதான் இருக்குது. இந்தா. படிங்க, எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது.

சேலமா?

சேலம்னா போட்டிருக்குது? நான் கேட்டது லட்சுமி நகரு. சேலத்துக்கு அடிச்சுக் குடுத்திருக்கறாரு. அஞ்சு சனிக்கிழமையா இந்த ஆளு பஸ்சுலதான் வர்றேன், சேலத்துலதான் போய் எறங்கறேன், சரி. அதுக்குன்னு நான் கேக்காமலே அடிக்கறதா? கேக்கோணுமில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

பாலம் வந்துருச்சு. காவேரியில தண்ணி நெறையப் போகுது, பாருங்க.

போன் அடிக்குது. அவங்கதான். பேரைப் பாத்தீங்களா, கனகமணி அக்கா. நிக்க மாட்டீங்குது. வாத்தியாரே, ஒரு ஒதவி பண்றீங்களா? நீங்க எடுத்துப் பேசுங்க. யுவராஜு பக்கத்துல இருக்கறாரு, வந்துட்டிருக்கறாருன்னு மட்டும் சொல்லுங்க. பொய்யி இல்லீங்க. வந்துட்டுத்தானே இருக்கறேன்.